இடம் மாறிய கணினி எழவில்லை: ஒன்பதாம் வகுப்பில் ஒரு பழுது காணும் பாடம்

ஆம்பூரை ஒட்டிய ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். இயற்பியலில் பட்டமும் பி.எட். பட்டமும் பெற்றவள். கணினியைப் பாடமாகப் படித்ததில்லை. ஆனாலும் பல பள்ளிகளில் நடப்பதுபோல, கணினி அறையின் சாவி அறிவியல் ஆசிரியரான என்னிடம்தான் இருக்கிறது. அந்தச் சாவியோடு வந்த ஒரு வாரத்து அனுபவத்தைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கணினியைப் பழுது பார்க்கும் முறை இதில் இருக்கிறது. நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது.

நடந்தது என்ன?

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய நேரம். கணினி அறையின் ஒரு மூலையில் மழைநீர் ஒழுகத் தொடங்கியது. தலைமையாசிரியரிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலையே எல்லாவற்றையும் மாடியறைக்கு மாற்றிவிடலாம் என்றார். மொத்தம் பத்து மேசைக் கணினிகள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் உற்சாகமாக உதவிக்கு வந்தார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இடையில் ஒரு மாணவன் படியில் கால் தடுக்கித் தடுமாறினான். அவன் கையிலிருந்த சி.பி.யூ. பெட்டி சுவரில் இடித்தது. கீழே விழவில்லை. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை கணினிகளை இயக்கிப் பார்த்தோம். ஏழு எழுந்தன. மூன்று எழவில்லை. அந்த மூன்றில் ஒன்று, சுவரில் இடித்த ஏழாம் எண் கணினி.

"அவன்தான் டீச்சர் இடிச்சான்" என்று நான்கைந்து குரல்கள் எழுந்தன. மறுநாள் இணையவழி வினாடி வினா நடத்தவேண்டிய பதற்றத்தில் இருந்தேன். முப்பத்தெட்டு மாணவர்களுக்குப் பத்துக் கணினிகளே போதாது. ஏழு எப்படிப் போதும்? அந்த எரிச்சலில், "பார்த்துத் தூக்கத் தெரியாதா? இதற்கு யார் காசு கொடுப்பது?" என்று வகுப்பின் முன்னால் அவனைக் கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

ஒரு தாய் சொன்ன முறை

புதன்கிழமை மாலை அவன் வீட்டுக்குப் போனேன். எங்கள் பகுதியில் பல வீடுகளைப்போல அங்கும் வருமானம் தோலிலிருந்துதான் வருகிறது. அம்மா ஷூ கம்பெனியில் மேற்பாகம் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறார். அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார்.

"வாங்க டீச்சர், உள்ள வாங்க" என்றவர், நான் கேட்பதற்கு முன்பே சொன்னார்: "ஸ்கூலுக்கு வரமாட்டேன்றான் டீச்சர். மாமாகூட வேலைக்குப் போய், கம்ப்யூட்டருக்குக் காசு கட்டிட்டு அப்பறமா வரேன்றான். நான் எவ்ளோ சொல்லியும் கேக்கல."

எனக்குப் பேச்சு வரவில்லை. பதினான்கு வயதில் பள்ளியைவிட்டு ஒரு மாதம் வேலைக்குப் போகும் பிள்ளை மறுபடி வகுப்புக்கு வருவது எவ்வளவு அரிது என்பது இங்கு வேலை செய்யும் எந்த ஆசிரியருக்கும் தெரியும். நான் கோபத்தில் கேட்ட ஒரு கேள்விக்கு அவன் பதில் தேடிக்கொண்டிருந்தான்.

கணினி எப்படிப் பழுதானது என்று அந்த அம்மா விசாரித்தார். தெரியவில்லை என்றேன். அவர் என்னைக் குறை சொல்லும் நோக்கமில்லாமல், தன் வேலையைப்பற்றிச் சொன்னார்:

"எங்க லைன்லயும் மெஷின் நிக்கும் டீச்சர். நின்ன உடனே மெக்கானிக்க கூப்பிடமாட்டோம். மொதல்ல நூல் சரியா கோத்திருக்கான்னு பாப்போம். அப்பறம் ஊசி. மொன போயிருந்தா மாத்துவோம். அப்பறம் பாபின். இதெல்லாம் பாத்தும் ஓடலன்னாத்தான் மெக்கானிக் வந்து மெஷின திறப்பாரு. வந்ததும் அவரு கேக்கற மொத கேள்வி, நிக்கறதுக்கு முன்னாடி என்னத்த மாத்துனீங்கன்னுதான்."

பழுது காணும் முறையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். எளியதிலிருந்து கடினத்துக்குப் போக வேண்டும். கடைசியாக எது மாறியது என்று முதலில் கேட்க வேண்டும். நானோ யார் செய்தது என்று முதலில் கேட்டேன்.

"நாளைக்கு அந்தக் கணினிகளை எல்லாரும் சேர்ந்து சரிபார்க்கப் போகிறோம். நீ இல்லாமல் அதைத் தொடமாட்டேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். வியாழக்கிழமை காலை அவன் வந்திருந்தான்.

எது மாறியது?

வியாழக்கிழமை இரண்டு பாடவேளைகளை ஒன்றாக இணைத்துக்கொண்டேன். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஏட்டில் நான்கு கட்டங்கள் போடச் சொன்னேன்: என்ன கண்டோம், என்ன இருக்கலாம் என்று நினைக்கிறோம், எதைச் செய்து பார்த்தோம், என்ன ஆயிற்று.

பிறகு கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதினேன்: "வெள்ளிக்கிழமை மதியம் இயங்கிய கணினி திங்கட்கிழமை இயங்கவில்லை. இடையில் என்னென்ன மாறின?"

விடைகள் வந்தன. அறை மாறியது. மின்இணைப்புப் பலகை மாறியது. எல்லாக் கம்பிகளும் கழற்றி மீண்டும் மாட்டப்பட்டன. பெட்டிகள் குலுங்கின. சாய்ந்தன. மழைக்காலத்தில் திறந்தவெளியைக் கடந்து வந்தன. ஒரு பெட்டி இடித்தது. எது மாறவில்லை என்றும் கேட்டேன். உள்ளே இருக்கும் மென்பொருளை யாரும் தொடவில்லை. புதிய பாகம் எதையும் சேர்க்கவில்லை.

இந்த இரண்டு பட்டியல்களே பாதி வேலையை முடித்துவிடுகின்றன. நகர்த்திய பிறகு எழாத கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இணைப்புகள். கழற்றி மாட்டிய வெளி இணைப்புகள் ஒரு வகை. குலுக்கலில் தளர்ந்த உள் இணைப்புகள் மற்றொரு வகை. பாகம் எரிந்துபோய்விட்டது என்ற முடிவு கடைசியில்தான் வர வேண்டும்.

தொடங்கும் முன் பாதுகாப்பு

மாணவர்களுக்குச் சொன்ன விதிகளை இங்கும் தருகிறேன்.

1. பெட்டியைத் திறப்பதற்கு முன் கணினியை நிறுத்தினால் மட்டும் போதாது. சுவர்ச் சுவிட்சை அணைத்து, மின்கம்பியைப் பின்புறத்திலிருந்து உருவிவிட வேண்டும். கம்பி மாட்டியிருக்கும்வரை, கணினி நின்றிருந்தாலும் தாய்ப்பலகைக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

2. கம்பியை உருவிய பிறகு இயக்கப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். எஞ்சியிருக்கும் மின்னூட்டம் குறையும்.

3. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிப் பெட்டியை மாணவர்களும் ஆசிரியர்களும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. நம் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தின் உச்ச மதிப்பு ஏறத்தாழ 325 வோல்ட். அந்த அளவு மின்னழுத்தம் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் கம்பியைக் கழற்றிய பிறகும் தங்கியிருக்கலாம்.

4. உட்பாகங்களைத் தொடுவதற்கு முன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட வேண்டும். உடலில் உள்ள நிலைமின்னூட்டம் நுண்ணிய சில்லுகளைக் கெடுத்துவிடக் கூடும்.

5. மழைநீர் உள்ளே போயிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் இயக்கிப் பார்க்கவே கூடாது. நன்றாக உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிக் கணினி எழுந்துவிட்டால், எது பழுது என்பது தெரியாமலே போய்விடும்.

கம்பிகளைச் சோதிப்பதும் மாற்றிப் பார்ப்பதும் மாணவர் வேலை. பெட்டியைத் திறந்து உள்ளே கை வைப்பது என் வேலை. அவர்கள் சுற்றிநின்று பார்த்துச் சொல்வார்கள். இப்படிப் பிரித்துக்கொண்டோம்.

முதல் கணினி: உயிரே இல்லை

மூன்றாம் எண் கணினியில் பொத்தானை அழுத்தினால் விளக்கில்லை, ஒலியில்லை, விசிறி சுழலவில்லை. மின்சாரம் வருகிறதா என்பதே முதல் கேள்வி.

மின்இணைப்புப் பலகையின் அதே துளையில் வேறொரு கணினியின் திரையைச் செருகிப் பார்த்தார்கள். விளக்கு எரிந்தது. துளை நன்றாக இருக்கிறது. அடுத்து, திரைக்குப் போகும் மின்கம்பியும் பெட்டிக்குப் போகும் மின்கம்பியும் ஒரே மாதிரி இருப்பதை ஒரு மாணவி கவனித்தாள். பெரும்பாலான மேசைக் கணினிகளில் அப்படித்தான். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். திரை எரிந்தது, பெட்டி எழவில்லை. ஆக, கம்பியும் நன்றாக இருக்கிறது.

பிறகுதான் பெட்டியின் பின்புறம் மின்கம்பி நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய சுவிட்சைப் பார்த்தார்கள். அதில் ஒருபுறம் கோடும் மறுபுறம் வட்டமும் இருக்கும். கோடு என்றால் ஒன்று, இயக்கம். வட்டம் என்றால் சுழியம், நிறுத்தம். தூக்கும்போது யாருடைய விரலோ பட்டு அது வட்டத்தின் பக்கம் சாய்ந்திருந்தது. தட்டியதும் கணினி எழுந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய மின்வழங்கிகள் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிவப்பு நிற நகர்வுச் சுவிட்சு ஒன்றும் இருக்கும. நம் நாட்டில் அது எப்போதும் 230-இல்தான் இருக்க வேண்டும். 115-க்கு நகர்ந்திருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் மின்வழங்கி எரிந்துபோகும். ஆகவே நகர்த்திய கணினிக்குக் கம்பியைச் செருகும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் உயிரில்லை என்றால், பெட்டியைத் திறந்து இரண்டு இடங்களைப் பார்க்கலாம். முன்பக்கப் பொத்தானிலிருந்து தாய்ப்பலகைக்கு வரும் மெல்லிய கம்பிகளின் முனை கழன்றிருக்கலாம். மின்வழங்கியிலிருந்து வரும் 24 ஊசிகள் கொண்ட பெரிய இணைப்போ, செயலிக்கு அருகில் செருகும் 4 அல்லது 8 ஊசிகள் கொண்ட சிறிய இணைப்போ தளர்ந்திருக்கலாம்.

இரண்டாம் கணினி: ஓடுகிறது, திரை இருட்டு

ஐந்தாம் எண் கணினியில் விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. "இதுவும் போச்சு டீச்சர்" என்றார்கள். திரை போயிற்றா, பெட்டி போயிற்றா என்று கேட்டேன். பிரித்துப் பார்க்க வழி தேடச் சொன்னேன்.

அவர்களே வழி கண்டார்கள். நன்றாக இருக்கும் நான்காம் கணினியின் திரையைக் கம்பியோடு கொண்டுவந்து ஐந்தாம் கணினியோடு இணைத்தார்கள். படம் வந்தது. பெட்டி நன்றாக இருக்கிறது. அடுத்து, நான்காம் திரையின் கம்பியை மட்டும் எடுத்து ஐந்தாம் திரைக்குப் போட்டார்கள். அதுவும் எரிந்தது. எனவே பழுது கம்பியில். முனையைத் திருப்பிப் பார்த்தால், நீல நிற வி.ஜி.ஏ. இணைப்பின் ஊசிகளில் ஒன்று வளைந்து படுத்திருந்தது. அவசரத்தில் சாய்வாக அழுத்திச் செருகியதன் விளைவு. மெல்லிய இடுக்கியால் மெதுவாக நிமிர்த்தி, நேராகச் செருகி, இருபுறத் திருகுகளையும் இறுக்கினோம்.

இதே அறிகுறிக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. தனி வரைகலை அட்டை உள்ள கணினியில் திரைக்கம்பியைத் தாய்ப்பலகையின் துளையில் மாட்டினால் பெரும்பாலும் படம் வராது. அட்டையின் துளையில் மாட்ட வேண்டும். திரையில் வி.ஜி.ஏ., எச்.டி.எம்.ஐ. என்று இரண்டு வழிகள் இருந்தால், திரையின் பொத்தானில் சரியான வழி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாம் கணினி: கூப்பிடுகிறது

கடைசியாக ஏழாம் எண். எல்லாருடைய கண்களும் அந்த மாணவனைத் தேடின. அவன் என் பக்கத்தில் ஏட்டோடு நின்றிருந்தான்.

பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது. திரை இருட்டு. ஆனால் உள்ளிருந்து இடைவெளி விட்டு "பீப்... பீப்..." என்று ஒலி வந்துகொண்டே இருந்தது. நன்றாக இருக்கும் திரையை மாற்றிப் பார்த்தோம். அதே நிலை. பழுது பெட்டிக்குள்தான்.

அந்த ஒலி என்ன என்பதை விளக்கினேன். கணினிக்கு மின்சாரம் வந்ததும் இயங்குதளத்தைத் தேடுவதற்கு முன் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. செயலி, நினைவகம், வரைகலை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்கிறது. ஏதேனும் இல்லையென்றால் திரையில் எழுதிக் காட்ட முடியாத அந்த நிலையில் ஒலியால் தெரிவிக்கிறது. எத்தனை ஒலி, எவ்வளவு நீளம் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்; தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். என்றாலும், நகர்த்திய பிறகு இப்படி ஓயாமல் ஒலித்தால் முதலில் பார்க்க வேண்டியது ராம் எனப்படும் நினைவகப் பட்டை.

மின்கம்பியை உருவி, பொத்தானை அழுத்திப் பிடித்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். கைப்பேசி விளக்கை ஒரு மாணவி பிடித்தாள். "டீச்சர், இந்தப் பக்கம் பூட்டல" என்று முதலில் சொன்னவளும் அவள்தான். ராம் பட்டையின் இரு முனைகளிலும் சிறிய வெள்ளைத் தாழ்கள் இருக்கும். பட்டையை முழுவதும் அழுத்தினால் அவை தாமாக மூடிக்கொள்ளும். வலது தாழ் மூடியிருந்தது. இடது தாழ் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. பட்டையின் அந்த முனை துளையிலிருந்து லேசாக எழும்பி நின்றது.

"அப்ப இடிச்சதுலதான் கழண்டிருக்கு" என்றான் ஒருவன்.

உடனே ராமை அழுத்திவிடக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். ஏட்டில் "என்ன கண்டோம்" என்ற கட்டத்தை முதலில் நிரப்பச் சொன்னேன். எல்லாரும் வரிசையாக வந்து பார்த்தார்கள். விளக்குப் பிடித்திருந்த அதே மாணவி மறுபடி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தாழுக்கு உள்ள தூசி இருக்கு டீச்சர். மூடியிருந்தா அங்க எப்படித் தூசி போகும்?"

தூசி சொன்ன சாட்சி

நானும் பார்த்தேன். திறந்திருந்த தாழின் உள்மடிப்பில், தாய்ப்பலகையின் மற்ற இடங்களில் இருந்த அதே சாம்பல் நிறத் தூசி அதே கனத்தில் படிந்திருந்தது. மூடியிருந்த வலது தாழை நீக்கிப் பார்த்தோம். அதன் உள்மடிப்பு சுத்தமாக இருந்தது. இடது தாழ் வெள்ளிக்கிழமை அன்று திறந்துகொண்டிருந்தால் அதுவும் அப்படித்தான் சுத்தமாக இருந்திருக்க வேண்டும். ஆறு நாளில் அவ்வளவு தூசி படியாது. எனவே அந்தத் தாழ் பல மாதங்களாகவே மூடாமல் இருந்திருக்கிறது.

கடைசியாக அந்தப் பெட்டியைத் திறந்தது யார் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது தூசி தட்டுவதற்காக ராமைக் கழற்றி மாட்டியது நான்தான். ஒரு பக்கம் 'டக்' என்று கேட்டதும் மறுபக்கத்தைப் பார்க்காமல் மூடிவிட்டிருக்கிறேன். பாதிப் பிடியில் ஐந்து மாதம் ஓடிய இணைப்பு, மாடிப்படி ஏறிய குலுக்கலில் விட்டுப்போயிற்று. இடித்திருந்தாலும் இடிக்காவிட்டாலும் அது என்றாவது விட்டுப்போகும் இணைப்புதான்.

இதை வகுப்பில் அப்படியே சொன்னேன். "தவறு என்னுடையது. காரணம் தெரியாமலே இவனைக் கேட்டுவிட்டேன்" என்றும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அவன் ஏட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அதையும் எழுதணுமா டீச்சர்?" என்று கேட்டான். "எழுது" என்றேன்.

பிறகு ராமை வெளியே எடுத்து, விளிம்புகளில் மட்டும் பிடித்து, துளையிலிருந்த தூசியை மென்தூரிகையால் நீக்கினேன். பட்டையின் அடியில் இருக்கும் வெட்டு, துளையில் இருக்கும் மேட்டோடு பொருந்த வேண்டும். அது ஒரே திசையில்தான் பொருந்தும். இருமுனைகளையும் சமமாக அழுத்தினேன். இந்த முறை இரண்டு 'டக்' கேட்டது. தகட்டை மூடி, மின்கம்பியை மாட்டி, பொத்தானை அழுத்தும் வேலையை அவனிடம் கொடுத்தேன். திரையில் எழுத்து வந்தது.

மற்ற அறிகுறிகள்

எங்கள் மூன்று கணினிகளில் வராத, ஆனால் நகர்த்திய பிறகு வரக்கூடிய வேறு சிலவற்றையும் மாணவர்களுக்குச் சொன்னேன்.

கணினி எழுந்து, இயங்குதளம் கிடைக்கவில்லை என்ற செய்தியோடு நின்றால், வன்தட்டுக்குச் செல்லும் தரவுக்கம்பியோ மின்கம்பியோ தளர்ந்திருக்கலாம். வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று தொடர் ஒலி வந்தால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்கக் கூடாது. உள்ளிருக்கும் கோப்புகள் மீட்க முடியாமல் போகலாம்.

எழுந்த சில நொடிகளிலோ நிமிடங்களிலோ தானே அணைந்தால், செயலியின் மேல் இருக்கும் வெப்பக்கடத்தியும் விசிறியும் இடம் பெயர்ந்திருக்கலாம். வெப்பம் மிகும்போது கணினி தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது.

தேதியும் நேரமும் பழைய ஆண்டுக்குப் போயிருந்தால், தாய்ப்பலகையில் நாணயம் போலிருக்கும் 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருக்கலாம். அதன் பெயர் சி.ஆர். 2032. மின்கம்பி பல நாள் கழற்றிக் கிடந்த பிறகு இது வெளிப்படும்.

எரிந்த வாடை, புகை, 'பட்' என்ற ஒலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் உடனே சுவர்ச் சுவிட்சை அணைக்க வேண்டும். அதற்குமேல் அது தொழில்நுட்பரின் வேலை.

அறிவியல் பாடத்தோடு இணைத்தல்

இந்த இரண்டு பாடவேளைகள் கணினிப் பாடத்துக்கு மட்டும் பயன்படவில்லை. ஒரு பக்கம் எழும்பிய ராம், திறந்த மின்சுற்றுக்கு நேரடி எடுத்துக்காட்டு. பத்தாம் வகுப்பின் மின்னோட்டவியல் பாடத்தில் சாவி திறந்த மின்சுற்றை வரைகிறோம். இங்கே அந்தச் சாவியின் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணுக்குச் சேர்ந்திருப்பதுபோல் தெரிவது மின்சாரத்துக்குப் பிரிந்திருக்கலாம்.

ராம் பட்டையின் விளிம்பு ஏன் பொன்னிறமாக இருக்கிறது என்று ஒருவன் கேட்டான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலம் சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும். அழுகிய முட்டை வாடை என்று புத்தகம் சொல்வதை இவர்கள் மூக்கால் அறிந்தவர்கள். இந்த வாயு வெள்ளியோடு வினைபுரிந்து கருநிற வெள்ளி சல்பைடாகிறது. செம்பையும் கறுக்கச் செய்கிறது. வெள்ளிக் கொலுசு கறுப்பதற்கும் இதுபோன்ற கந்தகச் சேர்மங்களே காரணம். தங்கம் அப்படி எளிதில் வினைபுரியாது. அதனால்தான் நுண்ணளவு மின்சாரம் தடையின்றிப் பாயவேண்டிய இணைப்பு விளிம்புகளில் மெல்லிய தங்கப் பூச்சு பூசுகிறார்கள்.

ஏட்டில் எழுதும் வழக்கத்துக்கும் ஒரு வரலாறு சொன்னேன். 1947 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினி தடைபட்டது. பணியாளர்கள் தேடிப்போய், ஒரு ரிலே சுவிட்சில் சிக்கியிருந்த விட்டில்பூச்சியைக் கண்டார்கள். அதை எறிந்துவிடாமல், பணிக்குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தோடு குறித்துவைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்றும் அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் தொடுமுனையில் ஏற்பட்ட பழுதுதான் என்று ஒரு மாணவி சொன்னபோது, பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தோன்றியது.

இடம் மாற்றுவதற்கு முன்

அடுத்த முறைக்காக நாங்கள் எழுதிவைத்திருக்கும் பட்டியல் இது. மற்ற பள்ளிகளுக்கும் பயன்படலாம்.

• கணினியை முறையாக நிறுத்தி, சுவர்ச் சுவிட்சை அணைத்த பிறகே கம்பிகளைக் கழற்ற வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் பெட்டியை அசைக்கக் கூடாது.
• கழற்றும் முன் பின்புறத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும்.
• பெட்டி, திரை, கம்பிகள் மூன்றுக்கும் ஒரே எண் ஒட்ட வேண்டும்.
• கம்பிகளை முனையைப் பிடித்துக் கழற்ற வேண்டும். கம்பியைப் பிடித்து இழுக்கக் கூடாது.
• படியேற்றும் வேலையைப் பெரியவர்கள் செய்ய வேண்டும். மாணவர்களுக்கு விசைப்பலகையும் சுட்டியும் போதும். அன்று அவர்கள் கையில் பெட்டியைக் கொடுத்ததும் என் தவறே.
• வண்டியில் கொண்டுபோனால், தாய்ப்பலகை அடிப்பக்கம் இருக்கும்படி பெட்டியைப் படுக்கவைத்து, கீழே மெத்தென்ற துணி விரிக்க வேண்டும்.
• புதிய இடத்தில் ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்து, நிலையைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.
• எப்போது பெட்டியைத் திறந்தாலும், யார் திறந்தது, எதைத் தொட்டது என்பதையும் எழுத வேண்டும்.

கடைசி வரியைச் சேர்த்தது மாணவர்கள். ஜூன் மாதம் நான் அதைச் செய்திருந்தால், திங்கட்கிழமை காலையிலேயே ஏட்டைப் புரட்டி, முதலில் என்னைத்தான் கேட்டிருப்பேன்.

அந்தக் குறிப்பேடு இப்போது கணினி அறையின் கதவருகே ஆணியில் தொங்குகிறது. அதன் முதல் பக்கம் ஏழாம் எண் கணினியைப் பற்றியது. எழுத்து அந்த மாணவனுடையது. இப்போது அவன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். கணினி ஏதேனும் எழவில்லை என்றால் கீழ்வகுப்புப் பிள்ளைகள் என்னைத் தேடுவதற்கு முன் அவனைத் தேடுகிறார்கள். அவன் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா என்னத்த மாத்துனீங்க?"